படம் எடுப்பது எப்போது தியானமாகிறது?

கேமரா கவனத்தைக் கெடுக்கிறது என்பது பரவலான கருத்து. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போனால் தொடக்கத்திலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம், படம் எடுப்பதையே தியானமாகச் சொல்லித்தரும் வகுப்புகள் ‘மைண்ட்ஃபுல் ஃபோட்டோகிராஃபி’ என்ற பெயரில் நடக்கின்றன. ஒரே கருவி எப்படி இரண்டு வேலையும் செய்யும் என்ற குழப்பம் நியாயமானதுதான்.

இரண்டும் உண்மை. கேமரா எந்த வேலையைச் செய்யப் போகிறது என்பது, பட்டனை அழுத்துவதற்கு முன்னால் உள்ள அரை நிமிடத்திலும் அழுத்திய பிறகு வரும் அரை நிமிடத்திலும் முடிவாகிறது. அந்த ஒரு நிமிடத்தில் நடப்பதையும் அதை மாற்றும் வழியையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## தியானம் என்று இங்கே எதைச் சொல்கிறோம்

கவனப் பயிற்சியில் மூன்றே அசைவுகள். ஒன்றின் மேல் கவனத்தை வைப்பது. அது நழுவியதும் நழுவியதைக் கண்டுகொள்வது. திட்டிக்கொள்ளாமல் திரும்பக் கொண்டுவருவது. 1979-ல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி இன்று உலகம் முழுக்க நடக்கிறது. அதன் உள்ளே இருப்பதும் இந்த மூன்று அசைவுகள்தான். அங்கே கவனத்தைக் கட்டிவைக்கும் முளை பெரும்பாலும் மூச்சு. ஒளிப்படத்தில் பார்வை.

ஆகவே பனி மூடிய மலையும் தாமரைக் குளமும் எடுத்தால் தியானப் படம் என்று ஆகிவிடாது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலும் இதைச் செய்யலாம், கொடைக்கானலில் இதைச் செய்யாமலும் திரும்பலாம்.

பார்வையை முளையாக வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கண் ஓரிடத்தில் நிற்காது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறக்குறைய அந்த இரண்டு பாகை அளவுக்குத்தான் நம் பார்வை உண்மையில் கூர்மையாக இருக்கிறது. அதைச் சுற்றியுள்ளதெல்லாம் மங்கல். அந்தச் சிறு வட்டத்தை நொடிக்குச் சுமார் மூன்று முறை இடம் மாற்றி மாற்றித்தான் முழுக் காட்சியை மூளை கட்டிக்கொள்கிறது. பொருளுக்குப் பெயர் கிடைத்ததும் அதற்கு வேலை முடிந்தது. ‘குடம்’, ‘சுவர்’, ‘சைக்கிள்’ என்று தெரிந்த பிறகு அடுத்ததற்குத் தாவிவிடும். இது குறை கிடையாது. இப்படி இல்லாவிட்டால் நாம் சாலையைக் கடக்கவே முடியாது. ஆனால் பெயர் வைத்ததோடு பார்ப்பது நின்றுவிடுகிறது. அதற்கு அப்புறமும் பத்து நொடி அங்கேயே இருக்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சி.

## ஆய்வுகள் ஏன் முரண்படுவதுபோல் தெரிகின்றன

படம் எடுத்தால் ஞாபகம் போகும் என்று ஒரு செய்தி வரும். அடுத்த ஆண்டு, படம் எடுத்தால் ஞாபகம் கூடும் என்று இன்னொரு செய்தி வரும். மூலத்தைப் பார்த்தால் முரண்பாடு பாதி கரைந்துவிடும்.

1. உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்தவர்களிடம் சில பொருட்களை வெறுமனே பார்க்கவும், சிலவற்றைப் படமெடுக்கவும் சொன்னார்கள். மறுநாள் சோதித்தபோது, படமெடுத்த பொருட்களே குறைவாக நினைவில் இருந்தன. செய்தியில் வந்தது இவ்வளவுதான். அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில், பொருளின் ஒரு பாகத்தை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. ஃபிரேமுக்கு வெளியே விட்ட பாகங்கள்கூட அவர்களுக்கு நினைவிருந்தன.

2. அலிக்ஸாண்ட்ரா பராஷும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்டதில், எதை எடுப்பது என்பதை எடுப்பவரே முடிவுசெய்தார். இப்போது கண்ணால் கண்டது நன்றாக நினைவில் நின்றது. காதால் கேட்டது குறைந்தது. கேமராவே இல்லாமல், எடுப்பதாக மனத்தில் நினைத்துக்கொண்டவர்களுக்கும் இதே போக்கு தெரிந்தது.

3. அதே குழுவின் 2018 ஆய்வு: சமூக ஊடகத்தில் போடுவதற்காகப் படம் எடுத்தவர்களுக்கு, தனக்காக எடுத்தவர்களைவிட அந்த அனுபவத்தில் இன்பம் குறைவு. பிறர் கண்ணில் எப்படித் தெரிவோம் என்ற கவலை எடுக்கும்போதே உள்ளே வந்துவிடுகிறது.

இவை நினைவையும் மகிழ்ச்சியையும் அளந்த ஆய்வுகள், தியானத்தை அளக்கவில்லை. எனவே ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். ஆனாலும் கவனம் எங்கே ஒழுகுகிறது என்பதை இவை காட்டுகின்றன. சொன்னதை எடுத்தபோது ஒழுகியது, தானே தேர்ந்தபோது நின்றது. பாகத்தைத் தேடியபோது நின்றது, பார்க்கப்போகும் பிறரை நினைத்தபோது ஒழுகியது. காது தனியாக ஒழுகுகிறது; அதற்குத் தனி மருந்து வேண்டும். கோயிலில் கைபேசிக்குத் தடை இருப்பதால் பயிற்சிக்கு நட்டம் ஏதும் இல்லை என்பதும் இரண்டாவது ஆய்விலிருந்து தெரிகிறது. பிராகாரத்தில் ஒரு தூணின் மேல் விழும் வெளிச்சத்துக்கு மனத்திலேயே நான்கு எல்லை போட்டுப் பார்க்கலாம்.

## இந்த முறை எங்கிருந்து வந்தது

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922 தொடங்கிப் பல ஆண்டுகள் மேகங்களை எடுத்துக்கொண்டிருந்தார். வானிலைக்காக எடுத்த படங்கள் இல்லை அவை. பார்த்தபோது தனக்குள் நிகழ்ந்ததற்கு ஈடானதாகப் படம் நிற்குமா என்று அவர் சோதித்தார். ஜென் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டிருந்த ஒளிப்படக்காரர் மைனர் ஒயிட் (1908–1976) அதை வகுப்பறைக்குக் கொண்டுபோனார். 1952-ல் தொடங்கிய ‘அப்பர்ச்சர்’ ஒளிப்பட இதழின் முதல் ஆசிரியர் அவர். எடுப்பதற்கு முன்னும், எடுத்த படத்தின் முன்னும் அசையாமல் அமர்வதை மாணவர்களுக்குப் பயிற்சியாகவே வைத்தார்.

மூன்றாவது கிளை திபெத்திய பௌத்தத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் கற்பித்த திபெத்திய பௌத்த ஆசிரியர் சோக்யம் துருங்பாவின் போதனைகளை வைத்து ஒளிப்படக்காரர் மைக்கேல் வுட் உருவாக்கிய ‘மிக்சாங்’ முறை அது. வுட்டும் ஆண்டி காரும் அதை மூன்று கட்டமாக விளக்குகிறார்கள்: ஒன்று சட்டென்று கண்ணை நிறுத்துகிறது, நிறுத்தியது எது என்று பிரித்தறிகிறோம், அதற்கு ஈடான படத்தை அமைக்கிறோம். கீழே சொல்லும் வரிசைக்கு இந்த மூன்று கட்டம்தான் எலும்பு.

## கருவியை முதலில் அடக்குவது

அமைப்புகளை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். வெளியே போய் மெனுவைத் திறந்தால் அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது.

கைபேசி என்றால்:

1. ஏரோபிளேன் மோடு. ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போதாது; சிக்னல் இருக்கிறது என்ற நினைப்பே கையை அரிக்கும்.
2. 1x அல்லது 2x, ஒன்றைத் தேர்ந்து அதிலேயே இருங்கள். பெரும்பாலான கைபேசிகளின் 1x, முழு ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமரா) கணக்கில் 24–26 மி.மீ. அகலக் கோணம். கண்ணை நிறுத்திய ஒன்றோடு தேவையில்லாத பத்தையும் அது அள்ளிக்கொண்டு வரும். 2x ஏறக்குறைய 50 மி.மீ.; தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது.
3. லைவ் போட்டோ (படத்தோடு சில நொடி வீடியோ), பர்ஸ்ட் (அடுத்தடுத்துப் பல படம்) இரண்டையும் அணைத்துவிடுங்கள். கிரிட் கோடுகள் இருக்கட்டும்.
4. திரையின் மூலையில் கடைசிப் படம் சின்னதாகத் தெரியும் இடத்தின் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்தப் பட்டியலில் அதிகம் பலன் தருவது இதுதான்.

தனிக் கேமரா என்றால்: ஜூம் இல்லாத ஒரே பிரைம் லென்ஸ் (சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 35 மி.மீ., முழு ஃபிரேம் என்றால் 50). அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) முன்னுரிமை மோடில் எஃப்/8, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) உச்சம் 3200, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125. ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் வையுங்கள். ஆட்டோ, காலை வெயிலின் மஞ்சளை ஓரளவு கழுவிவிடும். எடுத்ததும் படத்தைக் காட்டும் ‘இமேஜ் ரிவ்யூ’வை அணைத்துவிடுங்கள்.

ஒரு அமர்வுக்கு 12 படம், அதற்கு மேல் இல்லை. 120 ஃபிலிம் சுருளில், சதுரப் படம் எடுக்கும் 6×6 கேமராவுக்குக் கிடைப்பது இதே 12 தான். எண்ணிக்கைக்கு மந்திர சக்தி ஒன்றும் கிடையாது. ஆனால் வரம்பு இல்லாவிட்டால் ‘எதற்கும் ஒன்று எடுத்துவைப்போம்’ என்ற பழக்கம் தலைதூக்கும். அந்த ‘எதற்கும் ஒன்று’தான் பார்ப்பதற்குப் பதிலாக நாம் கட்டும் லஞ்சம்.

நேரத்தைப் பற்றி ஒரு திருத்தம். சூரியன் உதித்த பின் ஒரு மணி நேரம் பொன்னொளி என்று ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் சொல்வது அவர்கள் ஊர்க் கணக்கு. தமிழ்நாடு 8 முதல் 13.5 பாகை வரையிலான வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். அந்த ஒளி நிற்கும் உயரமான 6 பாகை வரை அடிவானத்திலிருந்து ஏற 25 நிமிடம்தான் ஆகும். லண்டனில் மார்ச் மாதத்திலேயே 40 நிமிடம். அதனால் யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருப்பவர் உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பே இடத்தில் இருக்க வேண்டும்.

## ஒரு அமர்வு: 45 நிமிடம்

1. முதல் 5 நிமிடம் கேமரா பைக்குள். ஓரிடத்தில் நின்று, கண்ணுக்கு முன்னால் காதைத் திறங்கள்: அருகில் கேட்பது, தூரத்தில் கேட்பது. படமெடுக்கும்போது ஒழுகிப்போகும் காதுக்கு மருந்து இது.

2. பிறகு மெல்ல நடை. 100 மீட்டர் தெரு போதும். எதையும் தேட வேண்டாம்.

3. ஏதோ ஒன்று கண்ணை நிறுத்தும். அப்போது காலையும் நிறுத்துங்கள். கேமராவைத் தூக்காதீர்கள். மூன்று மூச்சு.

4. ‘எது நிறுத்தியது?’ என்று கேளுங்கள். விடையில் பொருளின் பெயர் வரக்கூடாது. ‘எவர்சில்வர் குடம்’ என்பது விடை ஆகாது. ‘வளைவின் மேல் கோடுபோல் நிற்கும் வெளிச்சம், அதன் கீழே பச்சை’ என்பது விடை. நிறமா, ஒளியா, கோடா, சொரசொரப்பா, திரும்பத் திரும்ப வரும் வடிவமா? விடை வராவிட்டால் எடுக்காமல் நகருங்கள். 12-இல் மிச்சம் வைப்பது தோல்வி ஆகாது.

5. அது எங்கே முடிகிறது? மேல், கீழ், இடம், வலம் என நான்கு எல்லைகளையும் வெறும் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் கேமரா மேலே வரலாம்.

6. ஃபிரேமுக்குள் அது மட்டும் இருக்குமாறு காலால் முன்பின் நகருங்கள். நான்கு ஓரங்களையும் வலஞ்சுழியாக ஒரே ஒரு முறை சுற்றிப் பாருங்கள். ஒயர், செருப்பு முனை, உங்கள் நிழல் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

7. மூச்சை விட்டு முடியும் தருணத்தில் அழுத்துங்கள். ஒரே படம். அந்தக் கணத்தில் நெஞ்சும் தோளும் அசைவது குறைவு என்பதால் கை ஆட்டமும் குறையும்.

8. கேமராவை இறக்கிவிட்டு, எடுக்கும் முன் பார்த்த அளவு நேரம் அதையே மறுபடியும் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடும் படி இது. எடுத்தாயிற்று என்றதும் மனம் கதவைச் சாத்திக்கொள்ளும். அது சாத்துவதைக் கண்டுகொண்டு திரும்பத் திறப்பதுதான், முதலில் சொன்ன மூன்று அசைவுகளில் இரண்டாவதும் மூன்றாவதும்.

திரையைப் பார்க்க வேண்டும், இன்னொன்று எடுக்க வேண்டும் என்று கை துடிக்கும். துடிக்கிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள், போதும்.

## கிட்டப் போய்: ஒரு மார்கழிக் கோலம்

எட்டு படிகளும் ஒரே இடத்தில் எப்படி இயங்குகின்றன என்பதற்கு வாசல் கோலத்தைப் பார்க்கலாம். சென்னையில் மார்கழியில் சூரியன் உதிப்பது 6:30-ஐ ஒட்டி. ஏழே கால் வரைதான் வெயில் தரையை உரசிக்கொண்டு சாய்வாக வரும். அந்த வெளிச்சத்தில் மாவுக் கோட்டின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மெல்லிய நிழலோடும் தெரியும். வெயில் மேலே ஏறிவிட்டால் அதே கோடு தட்டையான வெள்ளையாகிவிடும்.

பலரும் நின்றபடி குனிந்து முழுக் கோலத்தையும் எடுப்பார்கள். அகலக் கோணத்தில் ஓரங்கள் இழுபட்டு, கீழே தங்கள் கால் விரலும் வந்து, கோலப் புத்தகத்தின் ஒரு பக்கம்போலப் படம் நிற்கும். நாலாவது படியில் கேட்ட கேள்வியை இங்கே கேட்டால் வேறு விடை வரும். சிக்குக் கோலத்தில் கோடு தொடங்கும் இடத்தில் மாவு தடிப்பாக விழும். விரல் இடுக்கில் மாவு தீரத் தீர மெலியும். அடுத்த பிடி எடுத்துத் தொடர்ந்த இடத்தில் சின்ன முடிச்சு இருக்கும். கை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்பது வரை அதில் படிக்கலாம். கண்ணை நிறுத்தியது பெரும்பாலும் இதுபோன்ற ஒரு சாண் இடமாகத்தான் இருக்கும்.

இனி கணக்கு. சாணமோ தண்ணீரோ தெளித்த தரை கறுப்பு. ஒளியை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுப்புத் தரை ஃபிரேமில் அதிகம் என்றால் எக்ஸ்போஷரை (படத்தில் சேரும் ஒளியளவை) ஏற்றிவிடும். மாவின் துகள் மறைந்து வெறும் வெள்ளைக் கறையாகும். எக்ஸ்போஷரை –0.7 முதல் –1 வரை இறக்குங்கள். கைபேசியில் வெள்ளைக் கோட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, சூரியக் குறியைக் கீழே இழுங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் உங்கள் நிழல் கோலத்தில் விழும், மாவின் மேடுபள்ளமும் தெரியாது. வெயில் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள்.

இது இன்னொருவர் வாசல் என்பதையும் மறக்க வேண்டாம். ‘அக்கா, கோலத்தப் படம் எடுத்துக்கலாமா?’ என்று கேட்பதில் தியானம் கலைந்துவிடாது. கேட்காமல் எடுத்தால், யாராவது வந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் நிச்சயம் கலையும்.

## எங்கே தவறுகிறது, ஏன்

வேட்டை. நல்ல காட்சி எதுவும் கிடைக்கவில்லையே என்று சலிப்பு வந்தால், தேடத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். நடையை நிறுத்திவிட்டு ஓரிடத்தில் 20 நிமிடம் உட்காருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு மீட்டருக்குள் தெரிவதை மட்டுமே எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசி காட்டும் வேறு காட்சி. சுண்ணாம்புச் சுவரில் கொடிக்கயிற்றின் நிழல் அடர்த்தியாக விழுந்திருக்கும். அதுதான் உங்களை நிறுத்தியிருக்கும். படத்தில் நிழல் வெளிறிப்போய்ச் சப்பென்று இருக்கும். காரணம் எச்டிஆர். கைபேசி பல எக்ஸ்போஷர்களை ஒன்றாகச் சேர்த்து நிழலைத் தூக்கிவிடுகிறது. பல மாடல்களில் இதை முழுக்க அணைக்க முடியாது. ‘ப்ரோ’ மோடு இருந்தால் அதில் எடுங்கள். இல்லாவிட்டால் சுவரின் வெளிச்சமான இடத்தில் பூட்டி எக்ஸ்போஷரைக் கையாலேயே இறக்குங்கள். பார்வையில் குறையென்று நினைத்துப் பலர் பயிற்சியையே விடுவது இதனால்தான். குறை மென்பொருளில் இருக்கிறது.

தியானப் பட பாணி. உரிந்த பெயின்ட், மழைக்குட்டையில் பிம்பம், சுவரோரம் ஒற்றை இலை. சில வாரங்களில் இவை பழகி, கண் இவற்றையே தேட ஆரம்பிக்கும். குடத்துக்குப் பதில் ‘அழகான எளிமை’ என்று புதிய பெயர் ஒட்டியாயிற்று, அவ்வளவுதான். ஒரு வாரம் சந்தைக்கோ பேருந்து நிலையத்துக்கோ போய்விடுங்கள்.

மனிதர்கள். முதல் மாதம் ஆட்களை எடுக்க வேண்டாம். அனுமதி, கூச்சம், முகபாவம், பேச்சு எல்லாம் சேர்ந்து கவனத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். தெரு ஒளிப்படம் வேறு கலை, அதற்கு வேறு பயிற்சி.

நடந்துகொண்டே பார்ப்பது. நடக்கும்போது நடங்கள், பார்க்கும்போது நில்லுங்கள். தண்டவாளம், சாலை நடு, கிணற்றுக் கட்டை, மொட்டைமாடி விளிம்பு ஆகியவை இந்தப் பயிற்சிக்கான இடங்களே கிடையாது. கவனம் ஒரு புள்ளியில் குவிந்தால் பக்கத்தில் வருவது தெரியாது.

மருந்தாக நினைப்பது. தீவிர மனச்சோர்வோ பதற்றமோ உள்ளவருக்கு இது சிகிச்சை ஆகாது. மருத்துவரைப் பார்ப்பதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், மாற்றாக வைக்கக்கூடாது.

## எடுத்த பிறகு

படங்களைக் குறைந்தது 24 மணி நேரம் திறக்காதீர்கள். திறக்கும் முன், எத்தனை படங்கள் நினைவிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். நினைவுக்கு வராதவை பெரும்பாலும் எட்டாவது படியைத் தாண்டிக் குதித்தவையாக இருக்கும்.

க்ராப் செய்ய வேண்டாம். க்ராப் செய்யத் தோன்றினால், எல்லையை எடுக்கும்போது பார்க்கவில்லை என்று அர்த்தம். எந்த ஓரத்தை வெட்டத் தோன்றுகிறது என்று குறித்துக்கொண்டால் அடுத்த முறை எந்த ஓரத்தைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். பெரும்பாலானோருக்கு அது கீழ் ஓரம்.

மாதக் கடைசியில் ஒன்றிரண்டை 4×6 அளவில் பிரிண்ட் போடுங்கள். பிரிண்டில் ஜூம் கிடையாது, அடுத்த படத்துக்குத் தள்ளவும் முடியாது. ஒரு பிரிண்டை 5 நிமிடம் பாருங்கள். முதல் நிமிடம் எளிது. இரண்டாவது நிமிடத்தில் அலுப்பு வரும். அதைத் தாண்டினால் எடுக்கும்போது கவனிக்காத ஏதாவது ஒன்று படத்தின் ஓரத்தில் தெரியத் தொடங்கும்.

நாலைந்து பேர் சேர்ந்து பார்ப்பதானால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ‘சூப்பர்’, ‘நல்லா இருக்கு’ என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொருவரும் கண் முதலில் எங்கே போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். எடுத்தவர் கடைசியில் பேசலாம். எங்கே எடுத்தது, எந்தக் கேமரா என்பதை யாராவது கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.